பல்வலியும் பக்கத்து வீடும்

இறைநம்பிக்கையாளர்கள் தமக்குள் காட்டும் அன்பையும் இரக்கத்தையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஓர் உடலுக்கு ஒப்பிட்டார்கள். அவ்வுடலில் ஓர் உறுப்பு நோவுற்றால், ஏனைய உறுப்புகள் யாவும் உறக்கமிழந்தும் காய்ச்சலுற்றும் அதன் துன்பத்தில் பங்குகொள்ளும் என்பது அந்நபிமொழியின் கருத்து. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் நூல்களிலும் இடம்பெற்ற இவ்வுவமையை நாம் மிம்பர்களிலும் மேடைகளிலும் பன்முறை கேட்டிருக்கிறோம். உறக்கமின்மை, காய்ச்சல் ஆகிய இரண்டையும் ஒருங்கே தரும் நோய்களுள் நம் வீடுகளுக்கு மிகவும் அறிமுகமானது பல்வலி. கடைவாய்ப் பல் ஒன்று நள்ளிரவில் நோகத் தொடங்கினால் கண் மூடாது. கால் ஓரிடத்தில் தரிக்காது. நாவுக்கு உணவு கசக்கும். ஒரு சிறு பல்லுக்காக உடல் முழுதும் விழித்திருக்கும். அங்ஙனமாயின், மஹல்லாவின் ஒரு வீட்டில் பல் நோகும்போது எத்தனை வீடுகள் விழித்திருக்கின்றன?

எதிர்பாராது வந்து நிற்கும் பல் மருத்துவச் செலவை யார் சுமப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள். இதற்கு மருத்துவரிடம் விடையில்லை. மார்க்கத்திடமும் மனச்சாட்சியிடமுமே கேட்டாக வேண்டும்.

இச்செலவின் இயல்பு

நம் குடும்பங்கள் பல செலவுகளுக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்கின்றன. மகளின் நிக்காஹ்வுக்குச் சேமிக்கிறோம். ஹஜ்ஜுக்கு ஆண்டுக்கணக்கில் பணம் ஒதுக்குகிறோம். மய்யித்து விழுந்தால் கபன் துணி முதல் குழி வெட்டும் கூலி வரை ஜமாஅத்தார் முன்னின்று பார்த்துக்கொள்கின்றனர். இதய நோய் என்றால் உறவினர் ஓடிவருகின்றனர். பல்வலிக்கோ வரவுசெலவுக் கணக்கில் ஓர் இடமில்லை. நாவுக்கு அருகிலிருந்தும் அது நம் நினைவுக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

அஃது எவ்வாறு திடீரெனப் பெருஞ் செலவாக மாறுகிறது என்பதை அறிந்துகொள்வது நலம். பல்லின் மேற்பரப்பில் தோன்றும் சிறு சொத்தை வலிப்பதில்லை. ஆதலால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. அச்சொத்தை உள்ளிறங்கி, நரம்பும் குருதி நாளங்களும் உள்ள பற்கூழை எட்டும்போது அங்கே வீக்கம் உண்டாகிறது. கைகால் வீங்கினால் தோல் இடங்கொடுக்கும். பல்லின் உட்புறமோ நாற்புறமும் கெட்டியான சுவர். வீக்கத்திற்கு இடமின்றி அழுத்தம் ஏறுவதாலேயே அவ்வலி பொறுக்க முடியாததாகிறது. சிலருக்குச் சில நாட்களில் வலி தானாக நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று மகிழ்வர். உண்மையில் உள்ளிருந்த நரம்பு மடிந்திருக்கும். கிருமிகள் வேரின் அடிவரை சென்று சீழ்க்கட்டியை உண்டாக்கும். அது தாடையிலும் கழுத்திலும் பரவி, மூச்சுக் குழலை நெருக்கி, உயிருக்கே ஊறு விளைவித்ததும் உண்டு.

இக்கட்டத்தில் மருத்துவர் இரு வழிகளைக் கூறுவார். ஒன்று, பல்லைப் பிடுங்குவது, செலவு குறைவு. மற்றொன்று, ரூட் கெனால் எனப்படும் வேர்ச் சிகிச்சை செய்து, மேலே உறையிட்டுப் பல்லைக் காப்பது. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். காக்கத் தகுந்த பல்லாயினும் ஏழை பிடுங்கச் சொல்கிறான். செல்வன் காக்கச் சொல்கிறான். ஆக, எந்தப் பல் வாயில் நிற்க வேண்டும் என்பதை நோய் தீர்மானிக்கவில்லை, பணப்பை தீர்மானிக்கிறது.

மருத்துவக் காப்பீடு உதவாதா எனில், பெரும்பாலான திட்டங்கள் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. நாற்காலியில் அமர்ந்து பெறும் பல் சிகிச்சை அவற்றுள் அடங்குவது அரிது. சென்னையில் 1953-ஆம் ஆண்டு தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியும், புதுக்கோட்டையில் 2023-இல் திறக்கப்பட்ட அரசுக் கல்லூரியும் ஏழைகளுக்குப் பெருந்துணை. ஆயினும் வெளியூரிலிருந்து இரண்டு மூன்று முறை சென்றுவர வேண்டிய நாட்கூலிக்காரருக்குப் பேருந்துச் செலவும் இழந்த கூலியும் சேர்ந்து மற்றொரு சுமையாகின்றன. பல், வாய் நோய்களால் உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் அவதியுறுகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இத்துணைப் பொதுவான துன்பம், ஒவ்வொரு வீட்டிலும் தனிப்பட்ட அவமானம்போல் மறைக்கப்படுகிறது என்பதே வியப்பு.

பல்லின் மதிப்பு

"பல்தானே! பிடுங்கி எறிந்தால் போயிற்று" என்று எளிதாகச் சொல்வோர் உளர். ஷரீஅத் அவ்வாறு சொல்லவில்லை. ஒருவர் மற்றொருவரின் பல்லை அறியாமல் உடைத்துவிட்டால், ஒரு பல்லுக்கு ஐந்து ஒட்டகங்கள் இழப்பீடு என்பது நபிவழியில் வந்த சட்டம். ஓர் உயிருக்கான தியத் நூறு ஒட்டகங்கள். எனவே ஒரு பல் உயிரின் இருபதில் ஒரு பங்கு மதிப்புடையது. முன்பல்லும் கடைவாய்ப் பல்லும் இதில் சமம் என்றும் ஹதீதில் வந்துள்ளது. முப்பத்திரண்டு பற்களையும் ஒருவர் இழக்கச் செய்தால் கணக்கு 160 ஒட்டகங்களாகிறது. உயிருக்கான ஈட்டைவிட மிகுந்த போதிலும் அக்கணக்கே செல்லும் என்பது ஹனபி மத்ஹபின் முடிவு. ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்தும் அதுவே. பிறர் உடைத்தால் இத்துணை விலை மதிக்கப்படும் ஓர் உறுப்பு, நோயால் அழியும்போது மட்டும் மதிப்பற்றதாகிவிடுமா?

பொன் ஆண்களுக்கு விலக்கப்பட்டது என்பதை அனைவரும் அறிவர். அர்ஃபஜா (ரலி) என்னும் தோழர் குலாப் போரில் மூக்கை இழந்து, வெள்ளி மூக்கு வைத்துக்கொண்டார். அது நாற்றமெடுத்தபோது பொன்னால் ஒன்று செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். இந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டே, ஆடும் பல்லைப் பொற்கம்பியால் கட்டிக்கொள்ளலாம் என இமாம்கள் பலர் தீர்ப்பளித்தனர். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் வெள்ளியோடு நிறுத்தினார்கள். அவர்களின் மாணவர் இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் பொன்னையும் அனுமதித்தார்கள். கருத்து வேறுபாடு உலோகத்தில்தான். பல்லைக் காக்கத்தான் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

குர்துபா நகரையடுத்த ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த அத்தஸ்ரீஃப் என்னும் பெருநூலில், பல் மருத்துவக் கருவிகளைப் படங்களுடன் விளக்கியுள்ளார். எல்லா வழிகளிலும் சிகிச்சை செய்து பார்த்த பின்னரே பிடுங்க வேண்டும் என்பது அவர் அறிவுரை. வலியின் மயக்கத்தில் நோயாளி நல்ல பல்லைக் காட்டிவிடுவான். அதைப் பிடுங்கிய பின்னும் வலி நில்லாது என்றும் அவர் எச்சரித்தார்.

பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டு வழக்கு. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுக்கு இது வெறும் பழமொழியன்று. மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொட்டாலன்றி ஃபா என்னும் எழுத்துப் பிறவாது. ஸா, தால், ளா ஆகியவை நாவின் நுனி அப்பற்களின் விளிம்பைத் தொடும்போது பிறப்பன. அவருக்குப் பல் ஒரு தொழிற்கருவி. தச்சனின் உளி உடைந்தால் புது உளி வாங்க உதவும் ஊர், உஸ்தாதின் பல் உடைந்தால் "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாமா?

பொறுமையா, புறக்கணிப்பா?

பொறுமை பற்றியும் ஒரு சொல். நோயைச் சகித்துக்கொள்வது நன்மைக்குரியது, ஐயமில்லை. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்களும் நபி (ஸல்) அவர்களே. முதுமையைத் தவிர எந்நோயையும் அதற்குரிய மருந்தின்றி அல்லாஹ் படைக்கவில்லை என்று அவர்கள் அறிவித்தார்கள். ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதைக் கட்டாயமாக்கியிருப்பேன், சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடுமோ என்றே விட்டேன் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியும் நாம் அறிந்ததே. வருமுன் காப்பதை இவ்வளவு வலியுறுத்திய மார்க்கம், வந்தபின் வாளாவிருக்கச் சொல்லுமா?

நம் வீடுகளில் இப்பொறுமை பெரும்பாலும் பெண்கள் மீதே சுமத்தப்படுகிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் முதலில்; கணவரின் மருந்து அடுத்து; உம்மாவின் பல்வலி கடைசியில். கிராம்பை அடக்கிக்கொண்டு, உப்புநீர் கொப்பளித்துக்கொண்டு, மற்றொரு பக்கத்தால் மென்றுகொண்டு அவர் மாதங்களைக் கழிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்பார்கள்; பல்லே நோகும்போது எதைக் கடிப்பது? பணமின்மையால் வாய்மூடி இருப்பவருக்கு அவர் பொறுமையின் கூலி அல்லாஹ்விடம் உண்டு. அவரை அந்நிலையில் விட்டுவைத்த நமக்கு அதில் பங்கில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அல்முஸ்தஸ்ஃபாவில் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக வகுத்தார்கள்: இன்றியமையாதவை, தேவையானவை, அழகு சேர்ப்பவை. பல் செலவையும் இவ்வாறே வகுத்துப் பார்க்கலாம். சீழையும் தாங்கொணா வலியையும் நீக்குவது முதற்படி. மென்று உண்ணவும் தெளிவாகப் பேசவும் பல்லைக் காப்பது இரண்டாம் படி. பல்லை வெண்மையாக்குவதும் வரிசையை அழகுபடுத்துவதும் மூன்றாம் படி. பிறரிடம் உதவி கோரவும், சமுதாயம் பொறுப்பேற்கவும் உரியவை முதலிரண்டு படிகளே. இந்த வரம்பை வைத்துக்கொண்டால், எல்லாரும் எல்லாவற்றுக்கும் கை நீட்டுவர் என்ற அச்சத்திற்கு இடமில்லை.

நிர்ப்பந்தம் யாருக்குச் சலுகை?

கையில் பணமில்லாத குடும்பத்தலைவர் அன்றிரவு என்ன செய்கிறார்? மனைவியின் காதணியைக் காலையில் அடகுக் கடைக்கு எடுத்துச் செல்கிறார். காதணியும் இல்லாதவர் தவணை வட்டிக்காரரிடம் போகிறார். பல் மூன்றாம் நாள் குணமாகிறது. வட்டி மூன்றாண்டு தொடர்கிறது.

வட்டி ஹராம் என்று மேடையில் முழங்குகிறோம். அது முழங்கப்பட வேண்டியதே. ஆயினும் நம் பிக்ஹு அறிஞர்கள் இத்தகைய மனிதரின் நிலையை எண்ணிப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது புகழ்பெற்ற சட்ட விதி. ஹனபி மத்ஹபின் பேரறிஞர் இப்னு நுஜைம் (மறைவு 1563) அவர்கள், தேவையில் சிக்கியவர் கூடுதல் கொடுத்துக் கடன் வாங்க இடமுண்டு என்று தம் அல்அஷ்பாஹ் நூலில் பதிந்துள்ளார்கள். அதன் எல்லை பற்றி உலமாக்களிடையே விவாதம் உண்டு. எங்ஙனமாயினும், வேறு வழியே இல்லாமல் சென்ற நோயாளிக்கு ஒரு மன்னிப்பு எதிர்பார்க்கத்தக்கது.

இங்கேதான் நாம் சொல்ல வந்த முதன்மையான கருத்து இருக்கிறது. வேறு வழி இல்லை என்பதே அவருக்குரிய சலுகையின் காரணம். அவருக்கு ஏன் வேறு வழி இல்லாமற்போயிற்று? அதே தெருவில் பெட்டியில் பணம் வைத்திருந்தவர் ஐவர் இருந்தனர். அவர்களுள் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. நிர்ப்பந்தம் என்னும் சலுகை நோயாளிக்கு உரியது. பக்கத்து வீட்டாருக்கு உரியதன்று. அவருடைய குற்றம் மன்னிக்கப்படலாம். அக்குற்றத்தை அவருக்கு நிர்ப்பந்தமாக்கிய நம் குற்றத்தை எந்தச் சட்ட விதி மன்னிக்கும்?

அண்டை வீட்டான் பசித்திருப்பதை அறிந்துகொண்டே தான் வயிறு நிரம்ப உண்பவன் நம்பிக்கையாளன் ஆகான் என்னும் கருத்தில் ஒரு நபிமொழி உண்டு. அறிந்துகொண்டே என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு, எங்களுக்குத் தெரியாதே என்று சிலர் தப்ப முயல்வர். பசியை மறைக்கலாம், கடனை மறைக்கலாம், வீங்கிய கன்னத்தை மறைக்க முடியாது. தொழுகை வரிசையில் நம் தோளோடு தோள் நின்றவரின் தாடையில் கட்டியிருந்த கைக்குட்டை ஒரு விண்ணப்பம். ஸலாம் கொடுக்க முகத்தைத் திருப்பும்போது அதைப் பார்த்தோம், படிக்கவில்லை.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

தன் பல்லைத் தான் பேணாதவனுக்கு மற்றவர் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம். இது புறக்கணிக்கத்தக்க கேள்வியன்று. ஆயினும் ஸகாத் பெறத்தக்க எட்டு வகையினருள் (9:60) கடன்பட்டோரும் ஒரு வகையினர். பாவச் செயலுக்காகக் கடன்பட்டவருக்கு இமாம்கள் நிபந்தனை விதித்தனர். கவனக்குறைவால் நோயுற்றவரை அவர்கள் பாவிகளோடு சேர்க்கவில்லை. இனிப்புத் தின்றாய், வெற்றிலை மென்றாய் என்று இடித்துரைக்க வேறொரு நாள் இருக்கிறது. துடிப்பவர்முன் நின்று கணக்குக் கேட்பது அறமன்று.

யாசகத்தை மார்க்கம் இழிவென்கிறதே என்பது மற்றோர் ஆட்சேபம். உண்மை, கொடுக்கும் கையே மேலான கை. ஆயினும் கபீஸா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்கத் தகுந்த மூவரை எடுத்துரைத்தார்கள்: சமாதானத்திற்காகப் பிறர் சுமையை ஏற்றுக் கடன்பட்டவர்; பேரிடரால் செல்வம் அழிந்தவர்; வறுமையுற்றார் என்று தம் கூட்டத்தின் அறிவுடையோர் மூவர் சாட்சி கூறும் நிலையில் உள்ளவர். இம்மூவர்க்கும் தேவை தீரும் அளவுக்கே அனுமதி. கடைசியாகக் கூறப்பட்ட மூவர் சாட்சியம் நமக்கு ஒரு வழியையே வகுத்துத் தருகிறது. மஹல்லாவில் நம்பிக்கைக்குரிய மூவர் இருந்தால், நோயாளி ஊரெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அம்மூவர் அறிந்தால் போதும்.

கொடுக்கும் முறை

மானம் காக்கும் ஏழைகளைத் திருமறை (2:273) தனியே எடுத்துச் சொல்கிறது. அறியாதவன் அவர்களைச் செல்வர் என்றே எண்ணுவான். அவர்களோ வற்புறுத்திக் கேட்கமாட்டார்கள். நம் மஹல்லாக்களில் இத்தகையோர் யாவர்? குறைந்த சம்பளத்தில் பணிபுரியும் பேஷ் இமாம், முஅத்தின், தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் விதவை, கடையில் கணக்கெழுதும் முதியவர். இவர்களுக்குக் கொடுப்பது ஸகாத்தாயினும் ஸகாத் என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்பதில்லை. கொடுப்பவரின் நிய்யத்தே போதும். மருத்துவருக்கு நேரே செலுத்துவதாயின், நோயாளியின் ஒப்புதலைப் பெற்றுச் செலுத்துவது சட்டத்திற்கும் பொருந்தும். அவர் மானத்திற்கும் பொருந்தும்.

ஸகாத் பெறத் தகுதியில்லாத நடுத்தரக் குடும்பங்களே இச்செலவில் மிகவும் தத்தளிக்கின்றன. அவர்களுக்கு இனாம் வேண்டாம்; அழகிய கடன் வேண்டும். தர்மத்திற்குப் பத்து மடங்கும் கடனுக்குப் பதினெட்டு மடங்கும் நன்மை என்று இப்னு மாஜாவில் வரும் செய்தியின் தொடரை ஹதீது அறிஞர்கள் பலவீனமானது என்பர். எனினும் அதில் சொல்லப்படும் காரணம் நம் அனுபவத்திற்கு ஒத்தது: யாசிப்பவனிடம் ஏதேனும் இருக்கக்கூடும், கடன் கேட்பவனோ தேவையின்றிக் கேட்கமாட்டான். கடனை எழுதிக்கொள்ளுமாறு திருமறை (2:282) பணிக்கிறது. எழுதுவதால் நட்புக் கெடாது. இயலாதவருக்கு அவகாசம் தருமாறும், விட்டுக்கொடுத்தால் அது மேலும் நன்று என்றும் அதே அத்தியாயம் (2:280) அறிவுறுத்துகிறது. வாங்கியவருக்கும் கடமையுண்டு. வசதியிருந்தும் தவணை கடத்துவது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அவர் திருப்பித் தராவிடில், அடுத்த வீட்டில் பல் நோகும் இன்னொருவரின் வழியை அடைத்தவராகிறார்.

மருத்துவத்தை அறக்கட்டளையாக நிறுவுவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை, வக்ஃபுச் சொத்துகளின் வருவாயில், செல்வர் ஏழை, ஆண் பெண் வேறுபாடின்றி நோயாளிகளை ஏற்றது. நம் நாட்டில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920-இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அமெரிக்காவில் பயின்று திரும்பிய அவர், நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்னும் குளிர்பானக் கடை நடத்தி அதன் வருவாயில் கல்லூரியை வளர்த்தார். பல்லைக் கெடுக்கும் இனிப்பை விற்ற காசு பல்லைக் காக்கும் கல்வியாயிற்று! பின்னர் 1949-இல் அக்கல்லூரியை மேற்கு வங்க அரசுக்கே அளித்துவிட்டார்.

அவ்வளவு பெருங்காரியம் நம்மால் இயலாதிருக்கலாம். ஆயினும் பைத்துல்மால் உள்ள ஜமாஅத்துகள் திடீர் மருத்துவக் கடனுக்கென ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்க இயலும். பத்துப் பல்லுக்கு ஆகும் பணம் சுழன்றுகொண்டே இருந்தால் நூறு பல்லுக்கு உதவும். நகை ஈடு கேளாமல், இருவர் பொறுப்பில், கேட்ட அன்றே கொடுக்கும் ஏற்பாடு வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று சொல்ல, வீங்கிய தாடை காத்திராது. நம் சமுதாயப் பல் மருத்துவர்கள் சிகிச்சைக்கு முன்பே செலவைத் தெளிவாகச் சொல்லி, தவணையில் பெற்றுக்கொண்டால் அதுவும் பெருந்தர்மமே. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்பது நபிமொழி தரும் சட்டம். மலிவு கருதித் தெருவோரப் பல் பிடுங்குவோரிடம் எவரும் போகாதிருக்க, உரிய மருத்துவரிடம் செல்லும் வழியை நாம் எளிதாக்கிவிட வேண்டும்.

உறக்கமிழந்து துணைநிற்பது ஏனைய உறுப்புகளின் இயல்பு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். ஒரு வீட்டின் பல்வலியில் மற்றைய வீடுகள் நிம்மதியாக உறங்குமாயின், நாம் ஓருடல் என்பது சொல்லளவில் நின்றுவிடும். வல்ல அல்லாஹ் நம்மை ஒருவர் நோவை மற்றவர் உணரும் ஓருடலாக ஆக்கி, கேட்கும் முன் கொடுக்கும் கைகளையும், வாங்கியதைத் தவறாது திருப்பும் நெஞ்சங்களையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.